கேட்கக் கூடாத தட்டு

எங்கள் லண்டன் இல்ஃபோர்ட் மாடி வீட்டுச் சமையலறை ஜன்னலோரத்தில், மகளின் மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளக் கம்பி கிடக்கிறது. நுனியில் எலுமிச்சை அளவில் ஒரு கம்பளி உருண்டை. காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் கோல் அது. கீழ்வீட்டு டிரம்மர் தந்தது.

அப்போது மகள் பிறந்து ஆறு வாரம். பின்னேரம் நான்கு மணிக்கு அழத் தொடங்கினால் ஓயமாட்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து, நான்கு நான்காக, பாதத்தில் மட்டும் உணரக்கூடிய மெல்லிய இடி வரும். அழுகை பொறுக்காமல் கீழ்வீட்டுக்காரர் தடியால் தன் வீட்டு முகட்டை இடிக்கிறார் என்றே நினைத்தேன். சத்தம் என்று அயலவர் முறைப்பாடு செய்துதான் முந்தைய வீட்டை விட்டு எழும்பியிருந்தோம். இதுவும் போனால் கைக்குழந்தையோடு எங்கே போவது? மிக்ஸியைத் துவாயால் சுற்றினேன். மழையிலும் பிள்ளையை வெளியே தள்ளிக்கொண்டு திரிந்தேன். அவளுக்குச் சளி பிடித்தபோது அதற்கும் என்னையே குற்றம் சொன்னேன்.

கடைசியில் ரோல்ஸ் பொரித்து, மன்னிப்புக் கார்டும் எழுதினேன். “முதல்ல என்ன பிழை செய்தனீர் எண்டு கண்டுபிடியும், பிறகு மன்னிப்புக் கேட்கலாம்” என்று கணவர் சிரித்தார்.

கழுத்தில் டை கட்டிய, எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர் கீழ்வீட்டுக் கதவைத் திறந்தார். கார்டை இரண்டு முறை வாசித்தார். மேலே குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் நாற்பது வருடம் ஊதிய டிரம்பெட்டுகள் ஒரு காதை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் கொண்டுபோய்விட்டன. பதினேழு வயதில், பதினாறு பேர் கொண்ட ஜாஸ் குழுவின் பஸ்ஸில் ஏறியவர். கடற்கரை ஊர் நடன மண்டபங்கள், அவை மூடியபின் பயணக் கப்பல்கள், பிறகு டாக்சி ஓட்டம், ஞாயிறு மதியங்களில் ஒரு பப். இப்போது நான்கு மணிக்குத் தனியே பயிற்சி; நான் உணர்ந்த இடி அதுதான். பெரிய டிரம்மை மிதிக்கும் கால் நிற்காமல் மெல்ல அடிக்க வேண்டுமாம். முதல் குழுத்தலைவர் அவருக்குச் சொன்னது: “அது ஒருவருக்கும் கேட்கக் கூடாது. நின்றால் ஆடுகிறவர்கள் தடுமாற வேண்டும்.”

குழந்தைக்காக அடுத்த நாளே நிறுத்திவிட்டார். அன்று மகள் ஏழு மணிவரை அழுதாள். மூன்றாம் நாள் வெட்கத்தோடு மறுபடி இறங்கிப்போய், தயவுசெய்து அடியுங்கள் என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் மகள் அந்தத் தட்டில்தான் உறங்கினாள். அல்லது, அழுகிற வயதைத்தான் தாண்டினாளோ, இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

போன மாரியில், தனியே இருக்க ஏலாமல் போன வயதில், கோலை என் கையில் தந்துவிட்டுத் தன் மகள் வீட்டுக்குப் போனார். வசந்தம் வருமுன் இறந்த செய்தி வந்தது. கீழே இப்போது ஓர் இளம் தம்பதியும் கைக்குழந்தையும்.

நேற்றுக் கதவடியில் ஒரு கார்டு கிடந்தது. பிள்ளை அழுவதற்கு மன்னிக்க வேண்டும், நான்கு மணிக்கு நீங்கள் தட்டுவது கேட்கிறது, அமைதியாக வைத்திருக்கப் பார்க்கிறோம் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

நான் தட்டவில்லையே என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் காலைக் காட்டினார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். குதிக்கால் நிலத்தில், நான்கு நான்காக.

எனக்கே தெரியாமல் எத்தனை நாளாக அடிக்கிறேனோ. கத்தியை வைத்துவிட்டு, ஜன்னலோரத்துக் கோலை எடுத்துக்கொண்டு, அது என்ன தட்டு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லக் கீழே இறங்கினேன். டிரம்மர் இருந்திருந்தால், கேட்கிற அளவுக்கு அடித்ததற்காக என்னைத்தான் ஏசியிருப்பார்.