ரஜீவின் கிட்டாரும் தாழ்ப்பாள் போடாத கதவும்

ரஜீவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் லயத்து வரிசையின் சுவர் ஒன்றுதான். அவன் கிட்டாரில் கம்பியைத் தொட்டால் என் வீட்டுக் கேத்தல் மூடி அதிரும். லுணுகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிட்டார் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான், நல்லவேளை.

வார நாளில் லுணுகலை டவுனில் ஃபோன் திருத்துவான். சனி, ஞாயிறில் அப்புத்தளையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் வாசிப்பான். பாடமாட்டான். சினிமாப் பாட்டும் வாசிக்கமாட்டான். எல்லாம் அவனே கட்டியது, கிட்டார் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு கதை. "பாட்டுக்கு வாய் எங்கடா?" என்று நான் கேட்காத நாளில்லை.

"கேளுங்கக்கா, பஸ் ஏத்தத்துல தெணறுது" என்று தடித்த கம்பியை இழுப்பான். நிஜமாகவே பஸ் திணறும். கொழுந்து பறிக்கும் மலையில் அட்டை கடித்து நான் அலறிக்கொண்டு ஓடிய கதையையும் ஒருநாள் வாசித்துவிட்டான். லயமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அலறல் அச்சு அசலாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

போன வருஷப் பெருமழையில் மலை சரிந்து கீழ் லயத்தை மூடியது. ரஜீவோடு அதே வீட்டில் இருந்த அவன் அண்ணன் ஜெயரூபன், மாட்டை அவிழ்த்துவிடக் கீழே இருந்த பட்டிக்கு ஓடினார். பட்டியும் போனது, மாடும் போனது, அவரும் போனார். மற்றவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. எல்லோருக்கும் சாவுத் தப்பு மேளம் அடித்தார்கள். அந்த அடி காதில் விழுந்தால் எங்கள் தோட்டத்தில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டோடு இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். ஜெயரூபனுக்கு மட்டும் தப்பு அடிக்கவில்லை. அவர் மனைவி தனலெட்சுமி விடவில்லை.

"பொணத்தக் காட்டுங்க, அப்புறம் அடிக்கலாம்" என்றாள். பொட்டை எடுக்கவில்லை, கருமாதி செய்யவில்லை. தலையில் அடிபட்டு நினைவு தப்பி எங்கேயோ இருக்கிறார் என்று பதுளை, மொனராகலை என ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் விட்டுவிட்டாள்.

"நாய் பூந்துரும்டி" என்று கத்தினேன்.

"அவரு எப்பக்கா கதவத் தட்டியிருக்காரு? தள்ளிக்கிட்டுத்தானே வருவாரு."



வருஷம் திரும்பியது. இறந்தவர்களை நினைத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ரஜீவை வாசிக்கச் சொன்னார்கள். விளக்கு ஏற்றும் இடத்தில் ஜெயரூபனின் படத்தை வைக்கத் தனலெட்சுமி சம்மதிக்கவில்லை. கொழுந்தனிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அண்ணன் கதைய வாசிங்க தம்பி. ஆனா அவரு வீட்டுக்கு வந்து சேர்ற மாதிரி முடிக்கணும். செய்வீங்களா?"

"செய்யிறேன் அண்ணி."

சொல்லிவிட்டானே தவிர, முடிவு வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. மழை பெய்யும், மாடு கத்தும், செருப்பு ஓடும். வேலை முடிந்து படியேறும்போது ஜெயரூபன் அடிக்கும் சீழ்க்கை கடைசியில் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். அந்த இடம் வந்ததும் கிட்டார் நின்றுபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவான். தாங்க முடியாமல் ஒருநாள் சுவரைத் தட்டி, "வேற ஏதாச்சும் வாசியேன்டா" என்றேன்.

"வெரலு போகமாட்டேங்குதுக்கா" என்றான்.

கூட்டத்தன்று தனலெட்சுமி பெரிய பொட்டு வைத்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். ரஜீவ் தொடங்கினான். மழை பெய்தது. மாடு கத்தியது. செருப்பு ஓடியது. பிறகு மெல்லிய கம்பியில் சீழ்க்கை எழுந்து படியேறி வந்தது. தனலெட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்தாள். வந்துவிடுவார் என்று எனக்கே தோன்றியது.

வரவில்லை. ரஜீவின் கை கம்பியை விட்டுக் கிட்டாரின் மரத்துக்கு இறங்கியது. விரல்கள் தட்டத் தொடங்கின. அந்த நிதானமான அடி என்னவென்று அங்கே தெரியாதவர் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அடுத்தடுத்து நாற்காலிகள் நகர்ந்தன. என் கால்களும் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டன. தனலெட்சுமி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ரஜீவ் நிமிர்ந்து பார்த்தான். கை அப்படியே நின்றது.

"அண்ணி, நான் வேணும்னு செய்யல..."

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தனலெட்சுமி அவனைப் பார்க்கவில்லை. நின்றவர்களைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. நான் மட்டும் ஒக்காந்திருந்தா அவருக்கு மரியாதையா?" என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பாதியில நிறுத்தாதீங்க தம்பி. முழுசா அடிங்க."

கண்ணைத் துடைக்கக்கூடக் கையெடுக்காமல் கடைசிவரை அடித்தான்.

அன்று பொழுது சாயும்போது அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிட்டார் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, துருவேறிய தாழ்ப்பாள் நகராமல் முரண்டு பிடிப்பது சுவர் வழியே கேட்டது. தனலெட்சுமி மறுபடி மறுபடி இழுத்தாள். கடைசியில் அது கொண்டியில் விழுந்தது.