லீவு கேன்சல் என்று சொல்லச் சொன்ன சீஃப்

எங்கள் சீஃப் நோயாளியின் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த சொந்தக்காரரின் கைகளைப் பற்றிக்கொண்டு நலம் விசாரிக்கிற மாதிரிதான் தெரியும். கண்களை மூடிக்கொள்வார். வலது கையின் துடிப்பும் இடது கையின் துடிப்பும் ஒன்றுபோல இருந்தால் கண்ணைத் திறந்து "ஓம், சரி" என்பார். ஒன்று பலமாகவும் மற்றது இளைத்தும் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தைப் பார்த்தாலே நான் என் மெஷினைத் தயார் செய்யக் கிளம்பிவிடுவேன். ஸ்கேன் படம் எதிரே திரையில் பளிச்சென்று இருந்தாலும், கையைப் பிடிக்காமல் அவர் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர், யாழ்ப்பாணத்துப் பெண். அபுதாபியில் நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் தலைமை அவர்தான். மலையாளி நர்ஸ்கள் முதல் எகிப்து நாட்டு மயக்க மருந்து டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் சீஃப். நான் மன்னார்குடிக்காரன். ஆபரேஷன் நடக்கும்போது இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டியதை வெளியே நின்று செய்கிற மெஷினை ஓட்டுவது என் வேலை. அதற்குள் பம்ப் இருப்பதால் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பம்ப் ஆட்கள் என்று பெயர். இதை ஒருமுறை அப்பாவிடம் சொல்லப்போக, அவர் ஊரெல்லாம் "பையன் அபுதாபியில பம்ப் ஓட்டுறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். லீவில் போனால் மோட்டார் ஓடவில்லை, வந்து பார் என்று வாசலில் ஆள் நிற்கும். இதைக் கேட்டு சீஃப் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் "பம்ப் தம்பி" ஆனேன்.

அவ்வளவு சிரிக்கிறவர் என்று நம்பி யாரும் அவரிடம் அசட்டையாக இருந்துவிட முடியாது. மழுப்பல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு ஜூனியர் டாக்டர், பயந்துபோயிருந்த பெரியவரைச் சமாதானப்படுத்த "சின்ன ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டார். சீஃப் காதில் அது விழுந்தது. அந்த டாக்டரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், அதே கட்டிலருகில் நிற்கவைத்து, என்ன செய்யப்போகிறோம், என்னவெல்லாம் ஆகலாம் என்று முழுதாகச் சொல்ல வைத்தார். வெளியே வந்ததும் அவரிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவர் தன்ர உயிரைத் தாறார். நாங்கள் உண்மையையாவது குடுக்க வேணும்." இப்படிப்பட்ட ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் அந்த நோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் அடுக்கடுக்காக இருக்கும். உள் அடுக்கு திடீரென்று கிழிந்தால், ரத்தம் தன் வழியை விட்டுவிட்டு அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுவரைப் பிளந்துகொண்டு போகும். வெளிச்சுவர் எப்போது விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அபூர்வமாக வருகிற நோய்தான், ஆனால் வந்துவிட்டால் யோசிக்க அவகாசம் தராது. பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு எதையும் கவனிக்காமல் விடுவதற்கு ஒரு வசதியான சொல் இருக்கிறது: "லீவுல போறப்போ பாத்துக்கலாம்." சொத்தைப் பல், முட்டிவலி, கண் மங்கல், எல்லாம் லீவுக்காக வரிசையில் நிற்கும். பிரஷர் மாத்திரையை ஊரிலிருந்தே மொத்தமாக வாங்கி வருவார்கள். லீவு தள்ளிப் போகும், டப்பா காலியாகிக்கொண்டே வரும். இங்கே டாக்டரைப் பார்த்து வாங்குவதற்குப் பதிலாக, ஊருக்குப் போகும்வரை வரட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிப்பார்கள். அறிவில்லாதவர்கள் மட்டும் செய்வதில்லை இது. என் ரூமில் இருந்த இன்ஜினியர் செய்தார். நானே பல்வலியை அப்படி இழுத்தடித்தவன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவரும் மாத்திரையை அப்படித்தான் நீட்டியிருந்தார். முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு யார்டில் கிரேன் ஆபரேட்டர், ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர். மறுநாள் காலை மதுரைக்கு ஃப்ளைட். தொழிலாளர் கேம்ப்பில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஏதோ கிழிகிற மாதிரி வலித்து முதுகுக்குப் போயிருக்கிறது. ரூம்காரர்கள் வாயு என்று சோடா கொடுத்து முதுகைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பயந்து தூக்கி வந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தத்தை மருந்து ஏற்றி இறக்கினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். குழாயின் உள்சுவர் இதயத்தின் வாசலிலேயே கிழிந்திருந்தது. சீஃப் வந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மெஷினில் கணக்குப் போட எனக்கு ஆளின் உயரமும் எடையும் வேண்டும். அதைக் கேட்கப் போனவன்தான் கட்டிலருகில் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் மருந்து வேலை செய்து அவருக்கு வலி குறைந்திருந்தது, வலி குறைந்ததும் மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இப்ப சரியாயிருச்சு. நாளைக்கு டிக்கெட்டு இருக்கு. ஊர்ல போயி பாத்துக்கிறேன்."

"வலி குறைஞ்சது மருந்தால. கிழிஞ்சது கிழிஞ்சபடிதான் கிடக்கு" என்றார் சீஃப். "பிளேன் ஏறினா நீங்க ஊர் போய்ச் சேருவியள் எண்டு நான் சொல்ல மாட்டன். இப்ப நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை மாத்த வேணும்."

"நெஞ்சத் தொறந்தா அன்ஃபிட்டுன்னு விசாவக் கேன்சல் அடிச்சு அனுப்பிருவாய்ங்களே?"

"அனுப்பலாம். கிரேன் இனி ஓட்டேலுமோ எண்டும் எனக்குத் தெரியாது. உயிரோட அனுப்பலாம் எண்டுதான் பாக்கிறன். அதுக்கும் உத்தரவாதம் தரேலாது."

இப்படித்தான் பேசுவார். சீஃப் விடாமல் அவருடைய தொழிலிலிருந்தே ஒன்றைக் கேட்டார்: "உங்கட கிரேன்ர கம்பிக்கயிறில உள்ளுக்க ஒரு புரி அறுந்தா, லோடைத் தூக்குவியளோ?" நான்கூட, அடடா, மனிதர் மடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சமும் அசராமல், "அதக் கம்பெனி பாத்துக்கிரும்மா" என்றார். சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஆபரேஷனுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவர் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கத் தொடங்கியது. அவர் கண் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "அவ வண்டி பேசிட்டா. புள்ளைகளக் கூட்டிட்டு ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பா. சின்னது நான் வரையில தவழ்ந்துக்கிட்டிருந்துச்சு, இப்ப போன்ல என்கூட சண்டை போடுது. வரலேன்னு எப்பிடிச் சொல்ல? ஆஸ்பத்திரின்னு சொன்னா அவ பயந்துக்கிருவா." அவர் இன்னும் இங்கே வந்து சேரவே இல்லை. மனசளவில் மதுரை ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டிருந்தார்.

ஆபரேஷன் தியேட்டர் தயார் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சீஃப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நிமிஷமும் அந்தச் சுவர் தாங்குமோ தாங்காதோ என்று தெரிந்த ஒருவர், வேறு வேலையே இல்லாதவர்போல உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்கு எடுங்கோ. லீவு கேன்சல் எண்டு சொல்லுங்கோ. டூட்டி மாத்த ஆள் கிடைக்கேல்லையெண்டு சொல்லுங்கோ."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. சின்ன ஆபரேஷன் என்று சொன்னதற்கு ஒரு டாக்டரைக் கூண்டில் ஏற்றியவர், ஒரு முழுப் பொய்யை வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுக்கிறார். "ஆனா ஒண்டு," என்றார் உடனே. "உங்கட ஆக்களில ஒருத்தருக்கெண்டாலும் உண்மை தெரிய வேணும். ஆரெண்டு சொல்லுங்கோ, நானே கதைக்கிறன்." குவைத்தில் அப்பாசியாவில் மச்சினர் ஒருவர் இருப்பதாகக் கிரேன்காரர் சொன்னார். அவரிடம் சீஃப் ஒரு சொல்கூடக் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டோம்.

இரண்டு கையிலும் ஊசி இறங்கியிருந்ததால் போனை அவர் காதருகில் நான்தான் பிடித்துக்கொண்டேன். மனைவியின் குரல் எனக்கும் கேட்டது. "சாப்பிட்டியா" என்று இவர் கேட்டார். பெட்டி கட்டியாகிவிட்டதா என்று அந்தம்மா கேட்டார். இவர், "லீவு கேன்சலாயிருச்சு. ஆளு இல்லையாம். கொஞ்ச நாள் ஆகும்" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி, அதுக்கென்ன? வேலைய முடிச்சிட்டு நெதானமா வாங்க. வண்டிக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். புள்ளைகள நான் பாத்துக்கிறேன்." ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இத்தனை காலம் காத்திருந்தவளுக்கு ஒரு ஏமாற்றம் வேண்டாமா, ஒரு முணுமுணுப்பு வேண்டாமா என்று நினைத்தேன்.

கிரேன்காரர் தலையணையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். "இனி எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார்.

உள்ளே நடந்ததை எவ்வளவு சொன்னாலும் கொஞ்சம்தான். அந்தக் குழாயை வெட்டித் தைக்க வேண்டுமென்றால் அதில் ரத்தம் ஓடக்கூடாது. அதற்காக மெஷின் வழியாக உடம்பு முழுவதையும் குளிர்விப்போம், தலையைச் சுற்றி ஐஸ் வைப்போம். நன்றாகக் குளிர்ந்த பிறகு சீஃப் "நிப்பாட்டுங்கோ" என்பார். நான் பம்ப்பை நிறுத்துவேன். அப்போது மேஜையில் படுத்திருப்பவருக்கு இதயம் ஓடவில்லை, மூச்சு இல்லை, எனக்கும் ஓட்ட எதுவும் இல்லை. குளிர்ச்சி கொஞ்ச நேரத்துக்குத்தான் மூளையைக் காப்பாற்றும். அதற்குள் கிழிந்த துண்டை வெட்டி எடுத்து, துணியால் நெய்த குழாயை அங்கே வைத்துத் தைத்தாக வேண்டும். கிழிந்த சுவரோ நனைந்த காகிதம் மாதிரி இருக்கும், நூலை ஒரு இழுப்பு அதிகமாக இழுத்தால் போயிற்று. நேரம் ஓடுவதை நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொன்றுக்கும் சீஃப் "ஓம்" என்பார். அந்த ஓம் கடைசிவரை ஒரே குரலில் இருந்தது. ஓடி ஓடி வேலை செய்கிற கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீஃப்பின் கை, ஓடுகிற நேரத்துக்கு நடுவில் நிதானமாக நடந்தது. கடைசித் தையலை முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல், "பம்ப் தம்பி, விடுங்கோ" என்றார். விட்டேன். தையல் தாங்கியது. உடம்பு சூடேறச் சூடேற அந்த இதயம் முதலில் நடுங்கி, அப்புறம் தானாக அடிக்க ஆரம்பித்தது. மயக்க மருந்து டாக்டர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் சொன்னேன்.

சீஃப் இப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். நானும் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டேன். இங்கே மெஷின்கள் புதியவை, நேரத்தைத் திரையே சொல்லிவிடும். என்னோடு இருக்கிற சர்ஜன்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் பம்ப்பை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த யாழ்ப்பாணக் குரல்தான் வேண்டியிருக்கிறது. திறமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து, கிரேன்காரர் கண் விழித்து, செயற்கை மூச்சுக்கு வைத்த குழாயையும் எடுத்த பிறகு சீஃப் செய்ததற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் அப்போதும் லீவு தள்ளிப்போனதாகவே இருந்தது. குவைத் மச்சினர் சமாளித்துக்கொண்டிருந்தார். "அவரே தேறி வந்து சொல்லிக்கொள்ளட்டுமே" என்று நான் சீஃப்பிடம் சொன்னேன். கேட்கவில்லை. "சொல்லச் சொன்னது நான். நான்தான் திருப்பி எடுக்க வேணும்" என்றார். கிரேன்காரரின் கட்டிலருகில் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டார். கிழிந்த குழாயைப் பார்த்தும் அசையாத மனுஷி, போன் மணி அடிக்கிற நேரத்தில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் டாக்டர் கதைக்கிறன். முதல்ல ஒண்டு, உங்கட வீட்டுக்காரர் நல்லா இருக்கிறார். அவர் லீவு கேன்சல் எண்டு சொன்னது பொய். அவரில பிழையில்லை. அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது நான்." பிறகு நோயையும் ஆபரேஷனையும் விளக்கினார். அன்றைக்கு அவர் பிழைக்காமல் போயிருக்கலாம் என்பதையும் விடவில்லை. "மன்னியுங்கோ" என்று முடித்தார்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா. லீவு ஒருநாள் தள்ளிப்போனாலே ஃபோர்மேன அந்த வசவு வைவாரு இந்த மனுசன். அன்னைக்கு வையவே இல்ல. என்னமோ பெருசா நடக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. நான் அழுதிருந்தா எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்திருப்பாரு. அதான் சிரிச்சேன்."

கட்டிலில் கிரேன்காரர், தையல் போட்ட நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. கடைசியில் சீஃப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப அண்டைக்கு அவரைத் தியேட்டருக்க அனுப்பினது நீங்கதான் அம்மா. நான் தைச்சது மட்டும்தான்."