திரை சொன்ன மைலேஜ்

வண்டியின் முன்பலகையில் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒளிருமே, அந்த எண்ணை நான் நம்புவதில்லை. இத்தனைக்கும் அந்த மாதிரி எண்களைத் திரையில் வரவழைப்பதுதான் என் பிழைப்பு. ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், வெளிநாட்டு டிராக்டர்களின் முன்பலகைக்கு புரோகிராம் எழுதும் குழுவில் பல வருடம் இருந்தேன். யாராவது புதுக் கார் வாங்கி, "பாருங்க, இருபது குடுக்குது" என்று திரையைக் காட்டினால் என் முகம் சுண்டிவிடும். பொறாமைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த எண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் ஒரு மனிதரை இழந்தோம்.

அப்பா நாமக்கல் பக்கத்துக்காரர். லாரி ஓட்டிக்கொண்டு ஹைதராபாத் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாச்சாரத்தில் வீடு, பக்கத்துக் காலி மனையில் அவருடைய இரண்டு லாரிகள். ஊரின் மறுகோடியில் பட்டான்செரு மருந்து ஆலைகளிலிருந்து டிரம் ஏற்றிக்கொண்டு சென்னை வரைக்கும் போகும். அதில் ஒன்றைச் சித்தப்பா ஓட்டினார். சித்தப்பா என்று நாங்கள் கூப்பிடுவோமே தவிர ரத்த உறவு கிடையாது. அவரும் நாமக்கல்தான். இளவயதில் இருவரும் வேறொரு முதலாளியிடம் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னாலிருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவார். அப்பா சொந்த லாரி வாங்கியதும் அவரையும் கூட அழைத்து வந்துவிட்டார்.

அப்பாவுக்கு அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தூக்கம் வராது. நான் கார் ஓட்டினால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். சித்தப்பா ஓட்டினால் மட்டும், வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் குறட்டை கேட்கும். "அவன் ஓட்டறப்ப எனக்குக் கனாக்கூட வராது, அப்படித் தூங்குவேன்" என்பார். அவர் வாயிலிருந்து ஒரு மனிதரைப் பற்றி அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

வெளிவட்டச் சாலை பாதி திறந்து பாதி திறக்காமல் கிடந்த காலத்தில், அப்பா பழைய லாரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். கம்ப்யூட்டர் வைத்த வண்டி; அதைச் சித்தப்பாவிடம் ஓட்டக் கொடுத்தார். முன்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, அதில் மைலேஜ் தெரியும். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டான்செரு லாரி நிறுத்தத்தில் எல்லோரையும் கேபினில் ஏற்றி, "இந்த நம்பரெல்லாம் எம்பொண்ணு மாதிரி ஆளுங்க எழுதறதுப்பா" என்று காட்டினார். கொஞ்ச நாளில் அந்த 'மாதிரி ஆளுங்க' காணாமல் போய்விட்டது. அதை எழுதியது நானேதான் என்றாகிவிட்டது. நான் டிராக்டருக்கு எழுதுகிறேன், அதுவும் வேறு நாட்டு டிராக்டருக்கு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காதிலேயே வாங்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்தவர், திரைக்கும் சந்தனம் வைத்துவிட்டார். நான்தான் எண் தெரியும்படி துடைத்துவிட்டேன்.

சரக்கு கூடியது. அப்பா புது லாரியின் பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டினார். ஏற்றத்தில் வண்டி திணறியது. ஆட்டோநகரில் ஒரு மெக்கானிக், "டென்ஷன் நக்கோ சேட், பிக்கப் பீ படேகா, ஆவரேஜ் பீ" என்று சொல்லி, இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொடுத்தார். கவலை வேண்டாம், இழுவையும் கூடும் மைலேஜும் கூடும் என்று அர்த்தம். இதை அப்பா என்னிடம் சொல்லவில்லை. கண்ட கண்ட பெட்டியை மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று நான் கத்துவேன் என்பது அவருக்குத் தெரியும்.

மெக்கானிக் சொன்னபடியே வண்டி இழுத்தது. அடுத்த நடையிலேயே திரையில் மைலேஜும் ஏறியது. ஆனால் பங்க்கில் நிரப்பிய டீசல் குறையவில்லை, முன்னைவிட அதிகமாயிற்று. திரை சொன்னதற்கும் டேங்க் குடித்ததற்கும் நடுவில் ஒவ்வொரு நடையிலும் டீசல் காணாமல் போனது.

லாரித் தொழிலில் அப்பா அறியாத திருட்டு இல்லை. தாபாவின் பின்பக்கம் வண்டியை நிறுத்திக் குழாய் போட்டு உறிஞ்சி விற்பார்கள். அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்த அனுபவமே அவரைக் கெடுத்தது. வேறு காரணம் இருக்கலாம் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா சென்னை நடை முடித்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன்.

"தம்பி, வண்டி ஒண்ணு சொல்லுது, பங்க் ஒண்ணு சொல்லுது. நடுவுல டீசல் எங்க போச்சு?" என்றார் அப்பா.

"எனக்கும் புரியலீங்கண்ணா. வண்டி முன்னையவிட அதிகமாத்தான் குடிக்குது. நானே சொல்லோணும்னு இருந்தனுங்க."

"குடிக்குதுன்னு நீ சொல்ற. கொறச்சலாத்தான் குடிக்குதுன்னு அது சொல்லுதே."

"அதுக்கு என்னங்கண்ணா தெரியும்?"

"எம்பொண்ணு எழுதுனது. அது பொய் சொல்லாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, அது டீசலை அளந்து சொல்றதில்ல. கணக்குப் போட்டுச் சொல்றது. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றேன்.

"இவ்வளவு முன்னப்பின்ன இருக்குமா, கண்ணு?"

இருக்காது. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அவ்வளவு இடைவெளி வராது. பெட்டியைப் பற்றித் தெரியாத நான் என்ன சொல்ல?

அப்பா உள்ளே போய்ப் பூஜைத் தட்டை எடுத்து வந்தார். லாரியின் முன்னால் வைத்துச் சூடத்தை ஏற்றினார். "அணைச்சுச் சத்தியம் பண்ணிரு தம்பி. நான் நம்பிக்கறேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அதுதான் முடிவு. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. ஆனால் அதைக் கேட்பது வழக்காடியிடம், பகையாளியிடம். கூடவே உண்டு உறங்கியவனிடம் யாரும் கேட்பதில்லை. அம்மா ஓடிவந்து, "என்ன கூத்து இது, அதை அணைங்க மொதல்ல" என்று சத்தம் போட்டாள். அப்பா நகரவில்லை. அந்த நிமிடம் அப்பாவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சித்தப்பா செருப்பைக் கழற்றினார். கேபினிலிருந்த தண்ணீர் கேனைச் சாய்த்துக் கை கழுவினார். வலது உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினார். "நான் எடுக்கலீங்கண்ணா" என்றார், அவ்வளவுதான்.

வண்டிச் சாவியைத் தட்டில் வைத்தார். கேபினில் ஏறித் தன் துண்டையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். தலையணையைப் பார்த்ததும், இனி வரமாட்டார் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, சாப்புட்டுப் போப்பா" என்றாள். "இருக்கட்டுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

"சத்தியம் பண்ணிட்டான், முடிஞ்சு போச்சு. நாளைக்கு வருவான் பாரு" என்றார் அப்பா. சித்தப்பா வரவில்லை. பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலைக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டுவதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

லாரிக்குப் புது டிரைவர் வந்தார். தெலுங்குக்காரர், சாது. அவர் ஓட்டியபோதும் அதே கதைதான். திரை ஒன்று சொன்னது, டேங்க் ஒன்று சொன்னது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா, "இவனும் கை வெக்கிறான்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு சூடம் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த ஞாயிறு, புது டிரைவரிடம் சொல்லி கேபினை முன்பக்கம் சாய்க்க வைத்தேன். டீசல் போகும் குழாய்க்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றிய கம்பிகளோடு அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்காரன் வைத்தது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இது என்னப்பா?"

"இழுவைப் பெட்டி" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. திரைக்கு டேங்க்கைப் பார்க்கக் கண் கிடையாது. இன்ஜின் கம்ப்யூட்டர், டீசல் எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு நேரம் போனது என்று பார்த்து, இவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடும். அதைத்தான் திரை காட்டும். பெட்டி இடையில் புகுந்து, அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. கூடுதல் டீசல் போகிறது, வண்டி பாய்கிறது. ஆனால் கணக்கில் அந்தக் கூடுதல் ஏறுவதே இல்லை. டீசலைக் குடித்தது லாரிதான்.

பெட்டியைக் கழற்றச் சொன்னேன். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி அனுப்பினோம், திரும்பி வந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்பினோம். திரையும் டேங்க்கும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின. அப்பா கீழே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். "அப்ப அவன்..." என்றார். பிறகு எழுந்து, "நீயும் வா கண்ணு. நீ சொன்னா அவனுக்கு வெளங்கும்" என்றார்.

மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குப் பட்டான்செரு போனோம். ஆலை வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கை அரிக்கும் மருந்து வாடை. சித்தப்பா ஒரு பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வா கண்ணு" என்று சிரித்தார். அப்பாவைப் பார்த்து, "வாங்கண்ணா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் பெட்டியைப் பற்றி, பொய் அழுத்தத்தைப் பற்றி, கணக்கைப் பற்றி எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர்மேல் விழுந்த பழியை நானே துடைத்துவிட்டதாக எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவர் பொறுமையாக "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலீங்கண்ணா. சூடம் அப்படியொண்ணும் சுட்டுறாது."

"வந்துரு தம்பி. தப்பு எம்மேலதான். நீ எடுக்கலன்னு இப்பத்தான் தெரியுது."

"இப்பத்தானுங்களா" என்றார் சித்தப்பா. கோபம் இல்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "எத்தன வருசம் நான் ஓட்ட, நீங்க பின்னால படுத்துத் தூங்கியிருக்கீங்க. அன்னைக்கெல்லாம் எந்தத் திரையப் பாத்துட்டுங்கண்ணா தூங்குனீங்க?"

ஆலைச் சங்கு ஊதியது. ஆட்கள் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார்கள். "பாத்துப் போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவரும் ஏறினார்.

அதற்குப் பிறகும் அப்பா பல வருடம் இருந்தார். லாரியில், காரில், நாமக்கல் போகும் பஸ்ஸில் என்று எத்தனையோ பயணம் போனோம். எந்த வண்டியிலும் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.