ஒரே ஒரு தடவை 'முடியாது' என்றேன்

இந்த மாத ஆரம்பத்தில் ஒருத்தரிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்ப?

சேலையூரில் எங்கள் எதிர் ஃப்ளாட் வசந்தா அக்கா. தங்கமான மனுஷி. ஒரே குறை... என்னைக் கூப்பிடாமல் அவருக்கு எந்தக் காரியமும் ஓடாது. புடவை எடுக்கணுமா? உமா. டாக்டரிடம் போகணுமா? உமா. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். "உமா, நாளைக்குக் காலையில நம்ம கார்த்திக்குப் பொண்ணு பார்க்கக் கீழ்க்கட்டளை போறோம். நீயும் வரே."

"உங்க பையனுக்குப் பொண்ணு பார்க்க நான் எதுக்குக்கா?"

"நான், அவரு, கார்த்தி... மூணு பேராச்சே! நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாங்களா? நீ வந்தா நாலு."

ஆக, பேச்சுத் துணைக்குக்கூட இல்லை. தலைக்கணக்குக்கு!

எனக்கு அந்த ஞாயிறு காலை சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? 'சும்மா இருக்கணும், அதனால வரலை' என்றால் நம் ஊரில் யாராவது ஒத்துக்கொள்வார்களா? யூட்யூபில் ஒரு அம்மணி சொல்லியிருந்தார் — மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள், புன்னகையோடு "முடியாது" என்று நிறுத்திக்கொள்ளுங்கள் என்று.

நிறுத்திக்கொண்டேன். புன்னகையோடுதான்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் உமா?" என்றார். "முடியாதுக்கா" என்றேன். "சரி" என்று போய்விட்டார். அட, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

மறுநாள் ஆசை தீரத் தூங்கி எழுந்து, கதவைத் திறந்தால் எதிரே அக்கா. நைட்டியோடு, கீரை ஆய்ந்துகொண்டு.

"என்னக்கா, போகலையா?"

"கேன்சல் பண்ணிட்டோம்." குரலைத் தாழ்த்தினார். "நீ வாயைத் திறக்கலைன்னா எனக்குப் புரியாதா? நீ முன்னாடி கீழ்க்கட்டளையிலதானே குடியிருந்தே? அந்த வீட்டைப் பத்தி உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. கல்யாண விஷயம், நம்ம வாயால எதுக்குச் சொல்லணும்னு நாசூக்கா ஒதுங்கிட்டே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா! சத்தியமா!"

"பாரு, இப்பவும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கறே. உனக்கு நல்ல மனசு."

மறுக்க மறுக்க உறுதியாகிறதே, இதற்கு என்ன செய்ய? சாயங்காலம் வாட்ச்மேன்கூடக் கேட்டார். "இன்னாக்கா, அந்தப் பொண்ணு வூட்ல எதுனா பேஜாரா?"

அப்போதுதான் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். முன்பின் பார்த்திராதவள். காலையில் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள். நான் படுத்துக் கிடந்ததற்கு அவள் தலையில் பழியா? நாளைக்கு இதே பேச்சு வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால்? சாப்பாடு இறங்கவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போய், "அடுத்த ஞாயிறு போகலாம்க்கா, நானும் வரேன்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

போனோம். நான் வாய் ஓயாமல் புகழ்ந்தேன். கேசரி பிரமாதம், வீடு என்ன சுத்தம், திரைச்சீலை எங்கே வாங்கினீர்கள்... பெண்ணைப் பெற்றவர்களே கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள்.

பெண் பெயர் நித்யா. கார்த்தியோடு பால்கனியில் பத்து நிமிஷம் பேசினாள். திரும்பி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஆன்ட்டி, எனக்கு இந்த இடம் வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் அம்மா பதறிப்போய், "ஏண்டி?" என்றார்.

"வேண்டாம்மா. அவ்ளோதான்." சிரித்தாள். "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கவா?"

வசந்தா அக்கா தட்டை நீட்டினார்! நம்புங்கள், நீட்டினார். கோபமில்லை, குறுக்கு விசாரணையில்லை. அவளும் காரணம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவளுக்கு மட்டும் எப்படிப் பலிக்கிறது? வயசா? கேசரியா? எனக்குப் பொறாமையாக இருந்தது. எப்படியோ, அவள் பெயர் கெடாமல் பிழைத்தது. அதில் ஒரு நிம்மதி.

திரும்பும்போது காரில் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது அமையாதுன்னு உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு உமா!"

"அக்கா, எனக்கு ஒண்ணுமே..."

"பேசாதே. இனிமே நீ இல்லாம ஒரு வீட்டுக்கும் பொண்ணு பார்க்கப் போக மாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை மாடம்பாக்கம்."

"எத்தனை மணிக்குக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்!