தலை திரும்பிய பின்வரிசை

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செட் செய்வது. மிச்ச நேரமெல்லாம் தலை வெட்டுவது. பயந்துவிடாதீர்கள், அரை விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களின் தலைதான். நானூறு வருஷத்துக்கு முந்தைய போர்களை மேஜைமேல் ஆடும் கூட்டம் இவர்களுடையது. கடையில் வாங்கும் சிப்பாய்கள் எல்லாம் ஒரே அச்சு. இவர் ஒருவன் தலையை இன்னொருவனுக்கு ஒட்டி, பல் மெழுகு சுரண்டும் கத்தியால் மீசை செதுக்குவார்.

போன வருஷம் ஒரு கொடிக்காரனைக் கொடிக்காரியாக்கி, அவளுக்கு என் மூக்குக்கண்ணாடியை வரைந்தார். பத்தொன்பது வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை புகழாத மனிதர்! அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோற்றவர், ஜெயித்தவர் கேட்கும் பொம்மையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதே கூட்டத்து மருந்துக்கடைக்காரரிடம் இவர் ஆறு முறை தோற்று ஆறு பேரை வாரிக் கொடுத்திருக்கிறார். ஏழாவது ஆட்டத்துக்கு முன்பே அந்த மனுஷர் கூசாமல் சொன்னார்: "இந்தத் தடவை அந்தக் கண்ணாடிக்காரம்மாதான் வேணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டத்தன்று காலை, வளைந்த ஈட்டிகளை நிமிர்த்த, என் கொடிக்காரி பின்வரிசையில் நிற்கும் ஈட்டிப்படையை இவர் சுடுதண்ணீரில் முக்கினார். எப்போதும் செய்வதுதான். அன்று தண்ணீர் கொதித்துவிட்டது. பசை விட்டுப்போய்ப் பதினாறு தலையும் பாத்திரத்தின் அடியில் உருண்டன, என் தலை உட்பட.

"ஐயோ, எல்லாம் போச்சு!"

"கத்தாதீங்க. பசையை எடுங்க. முன்வரிசை உங்களுக்கு, பின்வரிசை எனக்கு."

டீ வடிகட்டியால் தலைகளை அள்ளினேன். படை நின்ற பலகையை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டி முடித்து, விழுந்தடித்து ஓடினோம்.

மருந்துக்கடைக்காரர் குதிரைப்படையைச் சுற்றவிட்டு எங்கள் ஈட்டிப்படைக்குப் பின்னால் கொண்டுவந்தார். பின்னாலிருந்து தாக்கினால் ஈட்டிப்படை காலி. இவர் முகம் வெளுத்தது. என் பொம்மையைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று மேஜையின் அந்தப் பக்கம் போனேன். பின்வரிசை எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள்! எதிரே உட்கார்ந்து ஒட்டியதில், எல்லா மூஞ்சியையும் என் பக்கமே திருப்பி ஒட்டியிருக்கிறேன்.

சிப்பாயின் முகம் எந்தப் பக்கமோ, அதுவே முன்பக்கம். இந்த விதியை எழுதியவர் மருந்துக்கடைக்காரரேதான்.

"நடுவர் சார், இங்க வந்து பாருங்க! இவங்களுக்கு இதுதான் முன்பக்கம்!" என்று கத்தினேன்.

"உடம்பு அந்தப் பக்கம் இருக்கே!" என்று அலறினார் மருந்துக்கடைக்காரர்.

நடுவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். "விதியில உடம்பைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார். நீங்க எழுதினதுதானே?"

ஈட்டிக்கு முன்னால் வந்து நின்ற குதிரைகள் விதிப்படி காலி. அத்தோடு ஆட்டமும் முடிந்தது. நான் குதித்த குதியில் பக்கத்து மேஜையில் ஒரு கோட்டையே சரிந்தது. பறிகொடுத்த ஆறு பேரில் ஒருவனை மீட்டுக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடி வீடு வந்தோம்.

வந்ததும் இவர் கத்தியை எடுத்தார். "உன் தலையை மட்டும் நேரா வச்சிடறேன்."

"தொட்டுத்தான் பாருங்களேன்! பின்னால வந்த குதிரையை முதல்ல பாத்தது யாரு?"

இவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீதான். உன்னை மாதிரி ஒரு ஆள் என் படையிலயே இல்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.