மகளின் கையை விட்ட நாள்

என் கைக்குள் மகளின் கை. அவள் கைக்குள் தூரிகை. தாளில் அழகான வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசி. புந்தோங்கில் ஒரு மண்டபத்தின் பின்னறை. கைகால் இறுகிப்போன பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் அங்கே படம் வரைய வைத்தார் ஒரு மிஸ்ஸி. மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அவரை எல்லாரும் அப்படித்தான் அழைத்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வலக்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். ஒரு வாய்ச் சோறு தானாக அள்ளமாட்டாள். எனக்குப் பிறகு இவளுக்கு யார் ஊட்டுவார்கள் என்ற பயத்திலேயே என் நாட்கள் கழிந்தன.

மெல்லிய தூரிகை அவள் விரல்களில் நிற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்த மிஸ்ஸி, மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை வரவழைத்துத் தண்டில் சுற்றித் தடித்த பிடியாக்கினார். நாற்றத்தில் நான் முகம் சுளித்தேன். “தோட்டத்துப் பிள்ளைக்கு இதுதான் சென்ட்டுலா, அண்ணே,” என்றார். மேசைக் கால்களை அறுத்துத் தாழ்த்தினார். தாள் நகராமல் துணி கிளிப்புகளால் இறுக்கினார். அப்படியும் மூன்று மாதம் அவள் தாள் வெறுமையாகவே இருந்தது.

தீபாவளிக்குப் படங்களைச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு வெட்கம். அதனால்தான் அவள் கையைப் பிடித்து அந்த வீட்டை நானே வரைந்தேன்.

மிஸ்ஸி பார்த்துவிட்டார். “வீடு நல்லா இருக்கு. அண்ணே பேரப் போட்டு மாட்டிரலாமா?” தாய்மார்கள் சிரித்தார்கள். புதுத் தாளை வைத்து, குரலைத் தாழ்த்தினார். “கைய விடுங்க. அவ என்னா செய்றான்னு பாப்போம்.”

விட்டேன். தூரிகை சாய்ந்ததும் என் கை தானாக நீண்டது. மகள் பல்லைக் கடித்தாள். மடங்கியே கிடந்த முழங்கை மெல்ல விரிந்தது. தூரிகையாலேயே என் கையைத் தள்ளினாள். மணிக்கட்டெல்லாம் பச்சை.

என்னை வெறுக்கிறாள் என்று உடைந்துபோனேன். மிஸ்ஸியோ கைதட்டினார். “எத்தன எண்ணெ தேச்சோம், நீளாத கை! அப்பாவத் தள்ளுறதுக்கு நீளுதுலா!”

பிறகு அவள் கோணலாக ஒரு பச்சைக் கோடு இழுத்தாள். சுவரில் அதைத்தான் மாட்டினார்கள். அந்தக் கோட்டிலிருந்து சோற்றுக் கரண்டிக்கு வர இரண்டு வருடம் ஆனது. ஒரு சனிக்கிழமைகூட மிஸ்ஸி சலித்துக்கொண்டதில்லை. அவர் மட்டும் அன்று பேசாமல் போயிருந்தால், இன்றும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

போன வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். மகள் கரண்டியில் கஞ்சி எடுத்து என் முகத்தருகே கொண்டுவந்தாள். கை ஆடியது. பாதி என் கழுத்தில் வழிந்தது. நான் வாயைத் திறந்து காத்திருந்தேன்.