காத்து கரண்டைக் கடத்தாதுன்னு சொன்ன டீச்சர்

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, திண்டிவனத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில நடந்தது இது. நான் ஹைஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். என் கணவரோ, பல்பு மாட்டணும்னாகூட மெயினை ஆஃப் பண்ணிட்டு, அது ஆஃப்லதான் இருக்கான்னு ரெண்டு தடவை போய்ப் பார்க்கிற ஆளு. அதுக்காக அவரை நான் பண்ணாத கிண்டல் இல்லை.

அன்னிக்கு அடிச்ச காத்துல, கொடியில போட்டிருந்த என் புதுச் சேலை பறந்துபோய், வீட்டை ஒட்டிப் போற ஹைடென்ஷன் லைன்ல மாட்டிக்கிச்சு. ஒரே ஒருநாள்தான் கட்டியிருந்தேன். மனசு கேக்கலை. ஒட்டடை அடிக்கிற நீள அலுமினியக் கம்பை எடுத்துக்கினு மாடிக்கு ஓடினேன்.

"வாணாம்மா, லைன்மேனுக்கு போன் போட்டுட்டேன். வந்துக்கினு இருக்காரு"ன்னு பின்னாடியே வந்தார் அவர்.

"கம்பியைத் தொட்டாதானேங்க ஷாக்கு? நான் சேலையைத்தான் இழுக்கப்போறேன். காத்து கரண்டைக் கடத்தாது. கால்ல ரப்பர் செருப்பு வேற இருக்கு"ன்னு பாடம் நடத்திக்கினே கம்பைத் தூக்கினேன்.

அவர் பாய்ஞ்சு வந்தார். பின்னாலருந்து என் இடுப்பைப் பிடிச்சு ஒரே இழுப்பு! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர்கிட்ட அப்படியொரு வேகத்தை நான் பார்த்ததில்லை. காயப்போட்டிருந்த மல்லாட்டை மேல, வேர்க்கடலை ஓடெல்லாம் நொறுங்க, ரெண்டு பேரும் பொத்துனு விழுந்தோம். கைநழுவின கம்பு, கொடி கட்டுற இரும்புத் தூண்ல சாய்ஞ்சு லைன் பக்கமா சரிஞ்சுது. லைனைத் தொடவேயில்லை. நடுவுல ஒரு விரல் அகலம் வெறும் காத்துதான். அதுக்குள்ள 'டமார்'னு நீல வெளிச்சம் பாய்ஞ்சுது! கம்போட நுனி மெழுகாட்டம் உருகிப்போச்சு. தெரு முழுக்க கரண்ட் கட். டி.வி. பார்த்துக்கினு இருந்த சனமெல்லாம் வாசலுக்கு வந்து எங்க மாடியையே அண்ணாந்து பார்க்குது.

லைன்மேன் வந்தார். லைனை ஆஃப் பண்ணிட்டு, பெரிய ஓட்டையோட என் சேலையை எடுத்துக் குடுத்தவர், "டீச்சர், நீங்களா?"ன்னு கேட்டார். என்கிட்ட எட்டாவது படிச்சவராம். என் கணவர் நடந்ததை ஒண்ணு விடாம ஒப்பிச்சார், நான் நடத்தின பாடம் உட்பட.

"இவ்ளோ வோல்டேஜுக்குத் தொடவே வாணாம் டீச்சர். கிட்டப் போனாலே காத்தைக் கிழிச்சுக்கினு தாவி வரும். ரப்பர் செருப்பெல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எட்டாவதுல இதே பாடத்தை நீங்க நடத்தினப்ப, அப்ப மின்னல் எது வழியா வருது டீச்சர்னு கேட்டேன். அதிகப்பிரசங்கின்னு பெஞ்சு மேல ஏத்திட்டீங்க"ன்னார்.

தலையில ஒட்டியிருந்த மல்லாட்டைத் தூசியைத் தட்டுற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன். 

அன்னிலருந்து கிளாஸ்ல யாராவது குறுக்கக் கேள்வி கேட்டா எனக்குக் கோபம் வர்றதில்லை. அந்தக் கேள்வியை, அவர் கேட்டப்பவே காது குடுத்துக் கேட்டிருந்தா, சாவுக்கு ஒரு விரல் அகலம் பக்கத்துல நான் போயிருக்க மாட்டேனேன்னுதான் தோணுது.